கொழுப்பு சும்மா கிடப்பதில்லை

காய்கறி அக்கா மெல்லப் பேசி நான் கேட்டதில்லை. தக்காளி விலை சொன்னாலும், துக்கச் செய்தி சொன்னாலும் தெருவின் இந்த முனையில் சொன்னால் அந்த முனைக்குக் கேட்கும். மற்ற வண்டிக்காரர்கள் பதிவு செய்த குரலை ஒலிபெருக்கியில் ஓடவிட்டுப் போவார்கள். அக்காவிடம் அது கிடையாது. "அந்த டப்பாகிட்டப் போயி கத்திரிக்கா பிஞ்சாயிருக்குதான்னு கேட்டா பதில் சொல்லுமாங்க?" என்பார்.

அந்தக் குரல் இல்லையென்றால் என் மனைவி இன்றைக்கு இருந்திருக்க மாட்டாள்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். வடவள்ளிப் பக்கம் ஒரு சந்தில், வீட்டின் முன்னறையில் மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன். வருகிற பெண்களிடம் பேசுவது, துணி வாங்குவது, அளவு ஜாக்கெட் கேட்பது எல்லாம் என் மனைவிதான். நான் குனிந்த தலை நிமிராமல் மிதித்துக்கொண்டிருப்பேன். சில நாட்களில் நான் இருப்பதையே மறந்துவிட்டுப் பேசுவார்கள். அப்படிக் கேட்டுத்தான் அக்காவைப் பற்றிப் பாதி எனக்குத் தெரியும். மீதியை அவரே தெருவுக்குச் சொல்லிவிடுவார்.

தொண்டாமுத்தூரிலிருந்து காலையில் வண்டி வரும். குட்டியானை என்று எல்லோரும் சொல்லும் சின்ன சரக்கு வண்டி. அவர் வீட்டுக்காரர் ஓட்டுவார். முன்பு ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தவர், மில்லை மூடிய பிறகு வண்டி வாங்கினார். அக்கா பின்பக்கம் முக்காலி போட்டுத் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். நல்ல கனத்த உடம்பு. அவர் ஏறினால் வண்டி ஒரு பக்கம் தாழும்.

"குட்டியானைல பெரிய ஆனை வருது டோய்" என்று எதிர்வீட்டு மாடியிலிருந்து எவனோ ஒருநாள் கத்தினான். எனக்கு ஊசி கையில் குத்திவிட்டது. அக்கா அண்ணாந்து பார்த்து, "எங்க தொண்டாமுத்தூருக்கு ஆனை வர்றது புதுசா சாமி? தோட்டத்துல பூந்து தென்னைய முறிச்சுட்டுப் போகும். நா காசு வாங்கிட்டுக் காய் குடுத்துட்டுப் போறேன். எறங்கி வா, வெண்டைக்கா நல்லாருக்குது" என்றார். தெருவே சிரித்தது. கத்தியவனின் அம்மா வந்து வெண்டைக்காய் வாங்கிப்போனார்.

எங்களிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுத்தால் உள்ளே நிறையத் துணி விடச் சொல்வார். பின்னால் தையலைப் பிரித்துப் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்பதற்காக. "தாராளமா உடுங்க தம்பி. நா இன்னும் வளருவேன்." என்னிடம் நேராகப் பேசிய வாடிக்கைக்காரி அவர் ஒருவர்தான். நான் தலையை ஆட்டுவேன்.

எங்கள் பக்கத்தில் ஒருவரைப் பார்த்து "ஒடம்பு வெச்சிருக்கீங்க" என்றால் அது வாழ்த்து. "எளச்சுப் போயிட்டீங்களே" என்றால் துக்கம் விசாரிப்பது. என் மனைவியும் உடம்பு வைத்தவள்தான். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு வைத்தது, அப்புறம் குறையவே இல்லை. நாளெல்லாம் உட்கார்ந்து ஊக்கு வைப்பதும் காஜா எடுப்பதும்தான் வேலை. உறவுக்காரர்கள் வந்தால் "உங்க ஊட்டம்மா லட்சுமியாட்டம் இருக்குது" என்பார்கள். எனக்கும் அது பெருமையாகவே இருந்தது.

ஒரு வருடம் மழைக்காலத்தில் அக்காவைக் காணோம். வீட்டுக்காரர் மட்டும் வந்தார். கேட்டால், "ஒடம்பு செரியில்லைங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டார். வியாபாரம் படுத்துவிட்டது. அவருக்குக் கூவத் தெரியாது. வண்டியை நிறுத்திவிட்டு ஹாரன் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

தை பிறந்து பல நாள் கழித்து மறுபடி குரல் கேட்டது. பெண்கள் கூடிவிட்டார்கள். நானும் ஜன்னல் வழியே பார்த்தேன். கன்னம் வற்றி, கழுத்து எலும்பு தெரிந்தது; வயிறும் இடுப்பும் மட்டும் முன்போலவே கனத்திருந்தன. நான் தைத்த ஜாக்கெட் தோளிலிருந்து தொங்கியது.

"ஐயோ, என்னங்கக்கா இப்பிடி எளச்சுப் போயிட்டீங்க? சுகருங்களா?" என்று பக்கத்துவீட்டு அம்மணி கேட்டாள்.

"சுகரும் இருக்குது. ஆனா இது கர்ப்பப்பைல கேன்சருங்க கண்ணு. எடுத்துப்போட்டாங்க. கரண்டு வேற வெச்சாங்க, ரேடியேசனாமா. தக்காளி எத்தன போடட்டும்?"

ஒருத்தி முந்தானையால் வாயை மூடினாள். இன்னொருத்தி மெல்லப் பேசச் சொல்லிக் கையைக் காட்டி, ஜன்னலில் நான் நிற்பதைக் கண்ணால் சுட்டினாள். அக்கா என்னைப் பார்த்தார். "தம்பி கேட்டா என்ன இப்போ? அவரு ஊட்லயும் ஒரு பொம்பள இருக்குதல்லொ? மெல்லப் பேசற சீக்குத்தான் ஆளக் கொல்லும்" என்றார்.

அப்புறம் தராசை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார். அவருக்கு மாதவிலக்கு நின்று சில வருடம் ஆகியிருந்தது. சென்னிமலை முருகனுக்குப் படியேறி வருவதாக வேண்டுதல். கிளம்பும் நேரத்தில் மறுபடி லேசாக ரத்தம் பட்டது. தீட்டோடு மலை ஏறக்கூடாதே என்று மருந்துக்கடையில் தள்ளிப்போடும் மாத்திரை வாங்கி விழுங்கினார். நின்றுவிட்டது. ஏறிவிட்டு வந்தார். அடுத்து ஊர் மாரியம்மன் திருவிழாவில், நோம்பிக்குப் பட்டது. மறுபடி மாத்திரை. அப்புறம் மகள் வீட்டுச் சீருக்கு.

"ஒடம்புல தெம்பிருக்குது, அதாந் திரும்பி வருதுன்னு நெனச்சனுங்க. பெருமைக்கு வேற சொல்லிட்டுத் திரிஞ்சேன். மாத்திர போட்டா நிக்குது. நின்னுபோச்சுன்னா சீக்கில்லைன்னுதான நெனப்போம்? அது கதவச் சாத்திப்போட்டு உள்ளாற பெருகிக்கிட்டு இருந்திருக்குது."

"மாத்திரையாலயா வந்துச்சு?" என்று என் மனைவி கேட்டாள்.

"இல்ல அம்மணி. மாத்திர மறச்சுத்தான் வெச்சுது. வந்ததுக்கு வேற காரணஞ் சொன்னாங்க." அக்கா தன் வயிற்றைத் தட்டிக் காட்டினார். "இதுதான். கொழுப்புன்னா அரிசி மூட்டையாட்டம் ஓரமாக் கெடக்குதுன்னு நெனச்சுட்டு இருந்தேன். அது சும்மா கெடக்கறதில்லையாமா. வேல செய்யுதாமா. டாக்டரம்மா வெவரமாச் சொன்னாங்க. இவரு வேல பாத்த மில்லு இருக்குதல்லொ, அதாட்டம் நெனச்சுக்குங்க. தீட்டு நின்னுபோச்சுன்னா மில்லு மூடுன மாதிரி. கர்ப்பப்பைக்கு வேல இல்ல. ஆனா இந்தக் கொழுப்பு இருக்குதே, இது ஒரு ஹார்மோன அதும்பாட்டுக்குச் செஞ்சு உள்ளாற அனுப்பிக்கிட்டே இருக்குது. மூடுன மில்லுக்குக் கரண்டு குடுக்கறாப்பல. மெஷின் ஓடுது, நூல் சேருது, எடுக்க ஆளில்ல. தடிச்சுத் தடிச்சு ஒருநாளைக்குச் சிக்கு விழுந்துருது. சுகரு இருந்தா இன்னும் வேகமா ஓடுமாமா. அந்தச் சிக்குத்தான் கேன்சரு."

"குண்டா இருக்கறவங்களுக்கெல்லாம் வந்துருமாக்கா?" என்று பக்கத்துவீட்டு அம்மணி கேட்டாள்.

"வராது கண்ணு. ஒல்லியா இருக்கறவங்களுக்கும் வருது. எங்களாட்டம் ஆளுகளுக்கு அது வர்ற வாசல் பெருசுன்னு சொன்னாங்க. கர்ப்பப்பை மட்டுமில்ல, மாரு, குடலுன்னு இன்னும் நாலஞ்சு வாசல் இருக்குதாமா. அதுக்கு நாம வாசல எதுக்கு இன்னும் இடிச்சு அகலமாக்கோணும்? செரி, சின்ன வெங்காயம் வாங்காமப் போறியே, சாம்பாருக்கு என்ன பண்ணுவே?"

அன்றிலிருந்து எடையைக் குறைப்பதில் அவர் பிடித்த பிடியை விடவில்லை. காய்கறி மண்டியில் மூட்டை நிறுக்கும் மேடை இருக்கிறது. வாரம் ஒருமுறை அதன்மேல் ஏறி நின்றுவிடுவார். சுமை தூக்குகிறவர்கள் சுற்றி நின்று, "அக்கா, சாக்கு எடை கழிக்கோணுமுங்களா?" என்று கேலி செய்வார்களாம். "கழிச்சுக்கோ, செருப்பையுங் கழிச்சுக்கோ" என்பாராம். அந்த எடையை எங்கள் தெருவில் வந்து தக்காளி விலைக்கு முன்னால் அறிவிப்பார். ஏறியிருந்தாலும் சொல்வார், இறங்கியிருந்தாலும் சொல்வார்.

இளைப்பதை ஒருவரும் பொறுத்துக்கொள்ளவில்லை. பக்கத்துத் தெருவில் நாங்களும் போயிருந்த ஒரு சீர் விருந்தில் அவருக்கு இலை போட்டார்கள். பருப்புப் போளியான ஒப்புட்டு ஒன்று சாப்பிட்டார். அந்த வீட்டுப் பெரியம்மா இன்னும் இரண்டை இலையில் போட்டு நெய்யை ஊற்ற வந்தார்.

"சாப்புடுங்க அம்மணி. சீக்குல கெடந்த ஒடம்பு. தேத்த வேண்டாமா?"

"தேத்தித் தேத்தித்தானுங்க பெரியம்மா இந்தக் கதிக்கு வந்தேன். போதும்."

"ஒறம்பரையா வந்த ஊட்ல எலைல வெச்சத வேண்டாங்கறது மரியாதையில்ல."

"மரியாதைக்கு நீங்க சாப்புடுங்க, நா பக்கத்துல உக்காந்து பேசிட்டிருக்கறேன்." இலையை மூடி எழுந்துவிட்டார். பந்தியில் எனக்குப் பரிமாறிய ஆள், "அந்தம்மாளுக்குக் கொழுப்பு கொறஞ்சாலும் வாய்க்கொழுப்பு கொறையல" என்று முணுமுணுத்தான். அது அக்காவின் காதில் விழுந்தது. "அது சீக்கு வராத கொழுப்பு சாமி, இருந்துட்டுப் போகட்டும்" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார்.

பங்குனி கடைசியில் எங்கள் பக்கத்து மாரியம்மன் நோம்பிக்குக் கம்பம் நட்டிருந்தார்கள். என் மனைவி மாவிளக்கு எடுப்பதாக இருந்தாள். ஒருநாள் மதியம் காலியான மாத்திரை அட்டை ஒன்றை என் கையில் கொடுத்து, "இத ஒண்ணு வாங்கிட்டு வாங்க" என்றாள். எதற்கென்று நான் கேட்கவில்லை. அவளுக்கு அடிக்கடி முட்டி வலிக்கும். அதற்காக இருக்கும் என்று எடுத்துக்கொண்டு போனேன்.

மருந்துக்கடையில் நல்ல கூட்டம். எனக்கு முன்னால் அக்கா சுகர் மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தார். நான் அட்டையை நீட்டினேன். கடைக்காரர் பார்த்துவிட்டு, "நோம்பி வந்தா இதுதானுங்க ஓட்டம்" என்று உள்ளே போனார்.

அக்கா அட்டையை என் கையிலிருந்து வாங்கித் திருப்பிப் பார்த்தார். "இது யாருக்குங்க தம்பி?"

"ஊட்லீங்க்கா."

"உங்க ஊட்டம்மாவுக்கா? அதுக்குத்தான் தீட்டு நின்னு வருசமாச்சே. எங்கிட்டச் சொல்லிச்சே!"

கடையில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் காது சுட்டது. "மெல்லப் பேசுங்க்கா" என்றேன்.

"எதுக்குங்க மெல்ல? இது தள்ளிப்போடற மாத்திர. நா முழுங்குன அதே மாத்திர. இந்த அட்ட காலியாயிருக்குது பாருங்க. ஏற்கெனவே தின்னுருக்குது. அதுக்குப் படுது தம்பி. உங்ககிட்டச் சொல்லல."

கடைக்காரர் புது அட்டையோடு வந்தார். "வேண்டாமுங்க" என்று அக்காவே சொல்லிவிட்டு வெளியே நடந்தார். நான் பின்னால் நடந்தேன். வழியெல்லாம் எனக்கு வெட்கம் ஒரு பக்கம் பிடுங்கியது. அதைவிட, அவர் தோளிலிருந்து தொங்கிய ஜாக்கெட்தான் கண்ணில் நின்றது.

வீட்டில் என் மனைவி மாவிளக்குக்கு அரிசியை ஊறவைத்துக்கொண்டிருந்தாள். அக்கா வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"எத்தன நாளாப் படுது அம்மணி?"

"ஏனுங்க்கா, தெருவுக்கே கேக்குது!"

"கேக்கட்டும். எத்தன நாளா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் மெஷின் பக்கம் போய்விடலாமா என்று நினைத்தேன். போகவில்லை. "சொல்லு" என்றேன்.

"போன நோம்பிக்கு முன்னாடியிருந்து" என்றாள் தலையைக் குனிந்துகொண்டு. "லேசாத்தான். மாத்திர போட்டா நின்னுரும். மாவெளக்கு எடுத்துப்போட்டு ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு இருந்தேன்."

"நானும் அப்பிடித்தான் இருந்தேன். ஒரு நோம்பி முடிஞ்சா இன்னொரு நோம்பி. முருகன், மாரியாத்தான்னு எல்லாத்தையும் பாத்துப்போட்டுக் கடேசியாத்தான் டாக்டரப் பாத்தேன். அதுக்குள்ள எனக்குக் கர்ப்பப்பையத் தாண்டிப் போயிருச்சு. உனக்கு என்ற வயசுகூட இல்ல."

"மாவெளக்கு வேண்டுதலுங்க்கா. ஆத்தா கோவிச்சுக்குவா."

"ஆத்தாளும் பொம்பளதான. அவளுக்குத் தெரியாததா? நாளைக்குக் காலைல வண்டி வரும். நீ முன்னாடி ஏறிக்க. தம்பியும் நானும் தக்காளியோட பின்னாடி உக்காந்துக்கறோம்."

"ஆஸ்பத்திரில கேன்சர்னு சொல்லிப்போட்டா?" என் மனைவியின் குரல் உடைந்தது.

"சொன்னா எடுத்துப்போடுவாங்க. சொல்லாம வெச்சிருந்தா அது உன்னைய எடுத்துப்போடும்."

மறுநாள் அப்படித்தான் போனோம். அக்காவின் வீட்டுக்காரர் அன்றைக்கு ஒரு தெருவிலும் வண்டியை நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரிக்குள் நுழையும் முன் அக்கா என் கையைப் பிடித்தார். "தம்பி, உள்ள போயி ஊமையாட்டம் நின்னுராதீங்க. அது வாயத் தொறக்காது. நீங்கதான் சொல்லோணும். மாத்திரையையுஞ் சொல்லோணும்."

டாக்டரம்மா கேட்டபோது என் மனைவி தரையைப் பார்த்தாள். "கொஞ்சம் அசதியா இருக்குதுங்க" என்று மட்டும் சொன்னாள். டாக்டரம்மா எழுதப்போனார். நான் எழுந்து நின்றேன். "அசதி இல்லைங்க. தீட்டு நின்ன பொறகு திரும்பப் படுதுங்க. ஒரு வருசமாவே படுதுங்க. தள்ளிப்போடற மாத்திர போட்டு நிறுத்தியிருக்குதுங்க" என்றேன். நர்ஸ் இருந்தார், வேறு இரண்டு பெண்கள் இருந்தார்கள். டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு என் மனைவியை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

ஸ்கேன் எடுத்தார்கள். உள்ளிருந்து சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை நான் ஒரு ஜாக்கெட் கூட ஒழுங்காகத் தைக்கவில்லை. ஒன்றுக்கு இரண்டு கையும் இடக்கையாக வைத்துவிட்டேன். நோம்பி நடந்தது. மாவிளக்கு எங்கள் வீட்டிலிருந்து போகவில்லை.

முடிவைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா சொன்னார்: கர்ப்பப்பையின் உள்சவ்வு மிகவும் தடித்திருக்கிறது, அணுக்கள் மாற ஆரம்பித்துவிட்டன, இன்னும் கேன்சராக ஆகவில்லை, விட்டால் ஆகும். கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டும். எடுத்தார்கள். எடுத்ததையும் பரிசோதித்துவிட்டு, பயமில்லை என்றார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது என் மனைவியிடம், உடம்பில் சேர்ந்த கொழுப்பு இதற்குப் பெரிய காரணம், காயம் ஆறியதும் எடையைக் குறைக்கப் பார்க்கவேண்டும் என்றும் சொன்னார். அவள், "மூடுன மில்லுக்குக் கரண்டு குடுக்கறாப்பலங்களா?" என்று கேட்டாள். டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

காயம் ஆறிய பிறகு காலையில் குளத்துக்கரையில் நடக்க ஆரம்பித்தாள். அக்கா வண்டியை நிறுத்தியதும் முதல் கேள்வி அதுதான். "நடந்தியா அம்மணி?" நடக்கவில்லை என்றால் அன்றைக்கு உருளைக்கிழங்கு தரமாட்டார். "கீரையத் தின்னு" என்று இரண்டு கட்டைக் கையில் திணிப்பார். அவள் திட்டிக்கொண்டே வருவாள், மறுநாள் நடப்பாள்.

அக்காவுக்கு மறுபடி வந்தது. இந்த முறை நுரையீரலில். அதையும் தெருவில்தான் சொன்னார். மூச்சு வாங்கியதால் இரண்டு தடவையாகப் பிரித்துச் சொன்னார். "திரும்பி வந்துருச்சுங்க... மருந்து ஏத்தறாங்க. புதங்கெழம வரமாட்டேன்." புதன்கிழமை ஊசி போட்டுக்கொண்டு, தெம்பு வந்ததும் வண்டியில் வந்துவிடுவார். முடியெல்லாம் கொட்டிவிட்டது. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இப்போது இளைத்தது வேறு மாதிரி இளைப்பு. இது நோய் தின்ற இளைப்பு. நானே அவருக்கு ஜாக்கெட்டைப் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன்.

"இப்ப எளச்சது என்ற கணக்குல சேராது தம்பி" என்றார். "முன்ன எளச்சது மட்டுந்தான் நா எளச்சது."

என் மனைவி அழுதாள். "என்னையக் காப்பாத்திப்போட்டு உங்களுக்கு இப்பிடி ஆயிருச்சே."

"எனக்கு ஆனது எப்பவோ ஆயிருச்சு. அழுது என்ன பண்ணப்போறே? உன்ற அக்கா ஒருத்தி கொடுமுடில இருக்கறான்னயே, உன்னவிடக் கனத்த ஒடம்புன்னயே, அவகிட்டக் கேட்டயா?"

கேட்டிருக்கவில்லை. அன்றைக்கே போன் போட்டாள்.

அடுத்த ஆடியில் அக்கா இறந்துபோனார். தொண்டாமுத்தூரைத் தாண்டித் தென்னந்தோப்புக்குள் அவர்கள் வீடு. நாங்கள் போனபோது முற்றம் நிறையக் கூட்டம். ஆண்கள் பந்தலுக்குக் கீழே நாற்காலிகளில் இருந்தார்கள். அவருடைய கொழுந்தனார் வாசலில் நின்று, வருகிறவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"என்னங்க ஆச்சு?"

"சுகருங்க. சுகரு ரொம்ப எச்சா ஏறிப் போயிட்டாங்க."

அடுத்து வந்தவர்களிடமும் அதையேதான் சொன்னார். குரலைத் தாழ்த்திச் சொன்னார். அவரைக் குறை சொல்ல முடியாது. வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருக்கிறது, கேன்சர் என்று தெரிந்தால் வரன் தட்டிப்போகும். என் மனைவி உள்ளே போய் அக்காவைச் சுற்றியிருந்த பெண்களோடு உட்கார்ந்திருந்தாள். அவருடைய தங்கைகள், நாத்தனார்கள், ஒன்றுவிட்ட உறவுகள். பாதிப்பேர் உடம்பு வைத்தவர்கள். பாதிப்பேருக்கு மாதவிலக்கு நிற்கும் வயது, அல்லது நின்ற வயது.

மூன்றாவது முறையாக, "சுகருங்க" என்றபோது நான் எழுந்தேன். என்னை அங்கே யாருக்கும் தெரியாது.

"சுகர் இல்லைங்க" என்றேன். குரல் எழும்பவில்லை. மறுபடி சொன்னேன். "சுகர் இல்லைங்க. கர்ப்பப்பைல கேன்சர். தீட்டு நின்ன பொறகு பட்டுச்சு, மாத்திர போட்டு மறச்சதுல முத்திப்போச்சு. அக்காவே எங்க தெருவுல நின்னு சொன்னாங்க. என்ற ஊட்டுக்காரிக்கும் அதே மாதிரி பட்டுச்சு. அக்கா இழுத்துட்டுப் போயிக் காட்டுனாங்க, பொழச்சுக்கிச்சு. இங்க யாருக்காச்சும் அப்பிடிப் பட்டா மறைக்காதீங்க. மாத்திர வாங்காதீங்க. நாளைக்கே போயிக் காட்டுங்க."

கொழுந்தனார் என்னை முறைத்தார். ஒரு பெரியவர், "எழவு ஊட்ல பேசற பேச்சா இது? யாரப்பா நீ?" என்றார். டெய்லர் என்றேன். பந்தல் ஓரத்தில் அக்காவின் வீட்டுக்காரர் மட்டும் என்னைப் பார்த்து ஒருமுறை தலையசைத்தார்.

உள்ளே அழுகை நின்றிருந்தது. கதவு வழியே பார்த்தேன். சுவரோரம் உட்கார்ந்திருந்த கனத்த பெண் ஒருத்தி, தரையில் கையூன்றிச் சிரமப்பட்டு எழுந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, என் மனைவிக்குப் பக்கத்தில் இடம் செய்து உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்து ஏதோ கேட்டாள்.